மால்ட்டாவின் பழைய ஆலயங்களைப் பார்ப்பது எப்படி: திருநெல்வேலிச் சீமையிலிருந்து செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

இத்தாலியின் சிசிலித் தீவுக்குத் தெற்கே, மத்தியதரைக் கடலின் நடுவே அமைந்துள்ள சிறிய நாடு மால்ட்டா. மால்ட்டா, கோசோ, கொமினோ ஆகிய தீவுகள் எல்லாம் சேர்ந்து சுமார் 316 சதுர கிலோமீட்டர்தான். நம் மாவட்டத்தில் ஒரு வட்டத்தின் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சிறிய நிலத்தில் 300-க்கும் மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. செவிலியராகவும் முதியோர் இல்லப் பணியாளராகவும் நம் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போவதும், அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து பெற்றோர் புறப்படுவதும் இப்போது புதிய செய்தி அல்ல. அப்படிப் போகிறவர்கள் கடற்கரையையும் கடைத்தெருவையும் பார்த்துவிட்டு, ஏதோ ஒரு கோயில் வாசலில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். ஆலயங்களோடு வளர்ந்த நெல்லைச் சீமைக்காரருக்கு அந்தத் தீவில் காணக் கிடைப்பவை மற்றப் பயணிகளுக்குக் கிடைப்பதைவிட மிக அதிகம்.

முதலில், எண்ணிக்கை ஆசையை விட்டுவிட வேண்டும். ஒரே நாளில் பத்துக் கோயில்களைக் காட்டிவிடும் பேருந்துச் சுற்றுலாக்கள் அங்கே உண்டு. அவற்றில் போனால் எந்தக் கோயிலிலும் உட்கார நேரம் இருக்காது. நான் சொல்லும் முறை வேறு. புனித பவுல் அந்தத் தீவில் கரையேறிய கதையை நூலாகப் பிடித்துக்கொண்டு, அந்த நூலில் வரும் கோயில்களை முதலில் பார்த்து, நேரம் மிஞ்சினால் மற்றவற்றுக்குப் போகலாம்.

புறப்படுமுன் வாசிக்க வேண்டியது

அப்போஸ்தலர் நடபடிகள் 27, 28 ஆகிய இரண்டு அதிகாரங்களையும் வீட்டிலேயே நிதானமாக வாசித்துவிடுங்கள். கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பட்ட பவுல் ஏறிய கப்பல் பதினான்கு இரவுகள் புயலில் அலைக்கழிக்கப்பட்டு, இறுதியில் கரையில் மோதி உடைந்து, அதிலிருந்த 276 பேரும் உயிரோடு கரையேறிய தீவைத் தமிழ் வேதாகமம் மெலித்தா என்கிறது. மழையிலும் குளிரிலும் நனைந்து நின்றவர்களுக்குத் தீவார் தீ மூட்டிக் கொடுத்ததும், விறகிலிருந்து வந்த விரியன் பாம்பு பவுலின் கையைக் கவ்வியதும், தீவின் தலைவனான புபிலியுவின் தகப்பன் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்புமாகக் கிடந்து குணமடைந்ததும், மூன்று மாதம் கழித்து அவர்கள் வேறொரு கப்பலில் புறப்பட்டதும் அங்கேதான் எழுதப்பட்டிருக்கின்றன. அங்குள்ள ஓவியங்களிலும் சிலைகளிலும் பல இந்த இரண்டு அதிகாரங்களின் விளக்கமாகவே இருப்பதால், வாசித்துவிட்டுப் போகிறவருக்கு வழிகாட்டி தேவைப்படாது.

புயலில் சிதைந்த கப்பலிலிருந்து ஒரு விசுவாச மரபு தொடங்கியதாகச் சொல்வது நமக்கும் அந்நியமானதல்ல. மணப்பாட்டில், 1540-ஆம் ஆண்டு வாக்கில் புயலில் தப்பிய போர்த்துகீசியக் கப்பலின் முறிந்த பாய்மரத்தால் செய்த சிலுவையை மணற்குன்றின்மேல் நட்டார்கள் என்பதும், 1542-இல் வந்த புனித சவேரியார் அதன் அருகிலுள்ள குகையில் தங்கி ஜெபித்தார் என்பதும் ஊர் மரபு. மணப்பாட்டின் குன்றில் நின்று கடலைப் பார்த்தவருக்கு, மால்ட்டாக்காரர்கள் பவுலின் கப்பலைப் பற்றிப் பேசும்போது அவர்களின் குரலில் வரும் உரிமை எளிதில் புரியும்.

எந்தக் காலத்தில் போவது

ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே கடும் வெயில். ஆனால் ஊர்த் திருவிழாக்கள் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் நடக்கின்றன. ஒவ்வொரு ஊரும் தன் பாதுகாவலர் திருநாளுக்குக் கோயிலின் முகப்பு முழுவதும் விளக்குகளை அமைத்து, உள்ளே தூண்களைச் சிவப்புப் பட்டால் போர்த்தி, ஊர் பேண்டு வாத்தியக் குழுவும் வாணவேடிக்கையும் சூழப் புனிதரின் சிலையை ஆண்கள் தோளில் சுமந்து தெருக்களில் பவனி வருகிறார்கள். ஊருக்கு ஊர் வாணவேடிக்கையில் போட்டி உண்டு. தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழாவிலோ உவரி அந்தோணியார் கோயில் திருவிழாவிலோ நின்றவருக்கு அந்தக் கூட்டத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாளைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் இரண்டு நாட்களைப் பரிந்துரைப்பேன். ஒன்று பிப்ரவரி 10, பவுலின் கப்பற்சேதத் திருநாள். அன்று நாடு முழுவதும் விடுமுறை. தலைநகரான வல்லெட்டாவில் பவுலின் சிலை வீதி உலா வரும்போது மாடிகளிலிருந்து காகிதத் துணுக்குகளை மழையாகக் கொட்டுவார்கள். குளிர்காலம் ஆகையால் கம்பளிச் சட்டை அவசியம். மற்றொன்று செப்டம்பர் 8, மாதாவின் பிறந்தநாள். நம்மவர்கள் வேளாங்கண்ணிக்கு நடக்கும் அதே நாளில், 1565-ஆம் ஆண்டு உதுமானியர் முற்றுகை முடிந்ததன் நினைவாகவும் மால்ட்டாவில் அது தேசிய விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

திருவிழாக் கூட்டம் வேண்டாம், ஓவியங்களையும் கட்டடங்களையும் அமைதியாகப் பார்க்க வேண்டும் என்பவர்கள் மார்ச், ஏப்ரல் அல்லது அக்டோபர், நவம்பர் மாதங்களில் போகலாம். நாட்டுக்குள் நுழைய ஷெங்கன் விசா தேவை. பிள்ளைகளின் அழைப்புக் கடிதத்தோடு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

உடையும் நடத்தையும்

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதுதான் அங்குள்ள எல்லாக் கோயில்களுக்கும் பொதுவான விதி. நம் பெண்கள் சேலையோ சுடிதாரோ உடுத்திப் போனால் எந்தக் குறையும் இல்லை. தலையில் முக்காடு போட வேண்டிய கட்டாயம் இல்லை. வழக்கம்போல் போட்டுக்கொண்டாலும் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போகும் வழக்கம் அங்கே கிடையாது. ஆனால் வல்லெட்டாவின் புனித யோவான் இணைப் பேராலயத்தில் ஊசிக்குதிகால் செருப்புக்குத் தடை இருக்கிறது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். தட்டையான அடிப்பாகமுள்ள காலணியே நல்லது.

பங்குக் கோயில்கள் பெரும்பாலும் காலையிலும் மாலையிலும் திறந்திருக்கும், நண்பகலில் அடைத்துவிடுவார்கள். நடுப்பகலில் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல், திருப்பலி நேரத்தைக் கேட்டு அதற்கு அரை மணி நேரம் முன்னதாகப் போய்விட்டால் கோயிலையும் பார்க்கலாம், வழிபாட்டிலும் கலந்துகொள்ளலாம். திருப்பலி நடக்கும்போது எழுந்து சுற்றுவதும் படம் எடுப்பதும் கூடாது. மால்ட்டா மக்களில் மிகப் பெரும்பாலோர் கத்தோலிக்கர். ஆகவே தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த நம்மவர்கள் திருப்பலியில் தாராளமாக உட்கார்ந்து ஜெபிக்கலாம், ஆனால் நற்கருணை வாங்க வரிசையில் போகாமல் இருக்கையிலேயே இருப்பதுதான் முறை. ஆங்கிலத்தில் நடக்கும் திருப்பலிகள் பல கோயில்களில் உண்டு.

வல்லெட்டா: புனித யோவான் இணைப் பேராலயம்

1530-இல் மால்ட்டாவுக்கு வந்து 1798 வரை அதை ஆண்ட, கத்தோலிக்கத் துறவுப் போர்வீரர் அமைப்பான புனித யோவான் சபையின் வீரர்கள், 1565-ஆம் ஆண்டு முற்றுகையைத் தாங்கி நின்றபின் அடுத்த ஆண்டே புதிய தலைநகரம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அந்த நகரத்தில் தங்கள் தலைமைக் கோயிலாக அவர்கள் 1572 முதல் 1577 வரை கட்டியதுதான் இது. கட்டியவர் ஜிரோலமோ கஸ்ஸார் என்னும் மால்ட்டாக்காரர். கோட்டைகளைக் கட்டிப் பழகிய பொறியாளர். ஆகையால் வெளிப்புறம் இரண்டு கோபுரங்களோடு ஒரு கொத்தளம்போல வெறுமையாக இருக்கும். தெருவிலிருந்து பார்த்துவிட்டு, இதற்கா நுழைவுக் கட்டணம் என்று திரும்பிவிடாதீர்கள். நாடு முழுவதிலும் ஒரே ஒரு கோயிலைத்தான் பார்க்க முடியும் என்றால் அது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

உள்ளே நுழைந்ததும் எல்லாரும் மேலே பார்ப்பார்கள். நீங்கள் முதலில் கீழே பாருங்கள். தரை முழுவதும் சுமார் 400 கல்லறைப் பலகைகள் ஒன்றோடொன்று நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வீரனின் கல்லறை. பல நிறச் சலவைக்கற்களை வெட்டி இழைத்து, குடும்பச் சின்னங்களும், மண்டையோடும், மணற்கடிகாரமும், சிறகுள்ள எலும்புக்கூடுகளுமாகச் செய்திருக்கிறார்கள். வாழ்வு கழிந்துபோகும் என்று அவற்றில் பல லத்தீனில் சொல்கின்றன. ஊசிக்குதிகால் செருப்புக்குத் தடை போட்டிருப்பது இந்தக் கற்களைக் காப்பதற்காகத்தான். கோயிலுக்குள் கல்லறை என்பது நமக்கும் பழக்கமான ஒன்று. இடையன்குடி தூய திரித்துவ ஆலயத்தைக் கட்டி முடிக்க 1847 முதல் 1880 வரை உழைத்த கால்டுவெல் ஐயர் அந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். ஆனால் தரை முழுவதுமே கல்லறையாக, அதன்மேல் நின்றே வழிபாடு நடக்கும் கோயிலில் நிற்பது வேறோர் அனுபவம். ஒரு பலகையையாவது தேர்ந்தெடுத்து, அதன் எழுத்துகளையும் ஆண்டையும் கூட்டி வாசித்துப் பாருங்கள்.

அதன்பின் மேலே பார்க்கலாம். அரைவட்டக் கூரை முழுவதும் திருமுழுக்கு யோவானின் வாழ்க்கையை மத்தியா ப்ரேத்தி என்னும் இத்தாலிய ஓவியர் 1661 முதல் 1666 வரை எண்ணெய் வண்ணத்தில் நேரடியாகக் கல்லின்மேல் தீட்டினார். அவரும் அந்தச் சபையின் வீரர்தான். ஓவியத்தின் ஓரங்களில் உட்கார்ந்திருக்கும் உருவங்கள் செதுக்கியவைபோலத் தோன்றும், அவையும் வண்ணமே. சுவர்களில் பொன்முலாம் பூசிய பூவேலைப்பாடுகள் தனியே செய்து ஒட்டப்பட்டவை அல்ல, சுவரின் சுண்ணாம்புக் கல்லிலேயே செதுக்கப்பட்டவை. இதைத் தெரிந்துகொண்டு அருகில் போய்ப் பார்த்தால் சிற்பிகளின் பொறுமை விளங்கும்.

இருபக்கமும் உள்ள சிற்றாலயங்கள் வீரர்களின் மொழி, நாடு வாரியாகப் பிரிக்கப்பட்டவை. அவற்றுள் காஸ்தீலியா, லெயோன், போர்த்துகல் பிரிவினரின் சிற்றாலயம் புனித யாகப்பருக்கு உரியது. சபையின் தலைவர்களாக இருந்த மனோயெல் தெ வில்யேனா, பிந்தோ தா ஃபொன்சேகா ஆகிய இருவரின் நினைவுச் சின்னங்களும் அங்கே இருக்கின்றன, இருவரும் போர்த்துகீசியர். நம் முத்துக்குளித்துறைக்கு வந்த கப்பல்களின் நாட்டவர் இங்கே இவ்வளவு உயர்ந்த இடத்தில் இருந்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள, கடற்கரை ஊர்களிலிருந்து போகிறவர்கள் இந்தச் சிற்றாலயத்தில் சற்றுக் கூடுதலாக நிற்கலாம்.

கடைசியாக ஜெப மண்டபத்துக்குள் போக வேண்டும். புகழ்பெற்ற இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1608-இல் வரைந்த திருமுழுக்கு யோவானின் சிரச்சேதம் அங்கே பீடத்தின் பின்சுவரில் இருக்கிறது, சுமார் 3.6 மீட்டர் உயரமும் 5.2 மீட்டர் அகலமும் கொண்டது, அவர் வரைந்தவற்றில் மிகப் பெரியது. சிறைக்கூடத்தின் முற்றம், யோவான் தரையில் கிடக்கிறார், வாளால் முடியாததை முடிக்கக் கொலையாள் முதுகுப்புறத்திலிருந்து கத்தியை உருவுகிறான், ஒரு முதியவள் தலையில் கை வைத்துக்கொள்கிறாள், ஓர் இளம்பெண் தட்டோடு குனிகிறாள், சன்னல் கம்பிகளுக்குப் பின்னாலிருந்து இரண்டு கைதிகள் எட்டிப் பார்க்கிறார்கள். எல்லாரும் இடது பக்கத்தில் நெருங்கி நிற்க, வலது பக்கம் பெரும்பாலும் வெற்றுச் சுவர். அந்த வெறுமையைச் சிறிது நேரம் பார்த்தால்தான் நடப்பதன் கொடுமை நெஞ்சில் இறங்கும். யோவானின் கழுத்திலிருந்து வழியும் இரத்தத்தில் ஓவியர் தம் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்டதாக அறியப்பட்ட ஓவியம் இது ஒன்றுதான். அதே ஆண்டு சபை வீரராகச் சேர்க்கப்பட்ட கரவாஜ்ஜோ, சில வாரங்களிலேயே ஒரு சண்டையில் சிக்கிச் சிறைப்பட்டு, தப்பியோடி, டிசம்பரில் இதே மண்டபத்தில், இதே ஓவியத்தின் முன்னால் கூடிய சபையால் விலக்கப்பட்டார். மக்கள் கூட்டமாக வந்து படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்கள் போகும்வரை காத்திருங்கள்.

ஞாயிற்றுக்கிழமையில் இந்தக் கோயில் பார்வையாளருக்குத் திறப்பதில்லை, வழிபாட்டுக்கு மட்டுமே. மற்ற நாட்களில் காலையில் திறந்தவுடன் நுழைந்துவிடுவது நல்லது. கட்டணத்தோடு ஒலிவழிகாட்டிக் கருவி தருகிறார்கள். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

வல்லெட்டாவில் மேலும் மூன்று

நகர வாசலுக்கு அருகிலுள்ள வெற்றி மாதா கோயில் அந்நகரில் முதன்முதலில் கட்டப்பட்ட கட்டடம். நகரை நிறுவிய தலைவர் லா வலெத் முதலில் அடக்கம் செய்யப்பட்டது இங்கேதான். சிறியது, விரைவில் பார்த்துவிடலாம்.

புனித பவுலின் கப்பற்சேதக் கோயில் குறுகிய தெரு ஒன்றில் மறைந்திருக்கிறது. தேடித்தான் போக வேண்டும். பவுலின் மணிக்கட்டு எலும்பு என்று போற்றப்படும் திருப்பண்டமும், அவர் தலை வெட்டப்பட்ட தூணின் பகுதி என்று சொல்லப்படும் கல்லும் அங்கே இருக்கின்றன. பிப்ரவரி 10 அன்று தோளில் சுமந்து வரப்படும் பவுலின் மரச்சிலையைச் செதுக்கியவர் மெல்கியோரே கஃபா. அவருடைய சகோதரர் லோரென்ஸோ கஃபாவின் கைவேலையை இம்தினாவிலும் கோசோவிலும் காண்பீர்கள். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நம் தென்னிந்தியத் திருச்சபையினர் தவறவிடக் கூடாத ஆங்கிலிக்கன் ஆலயம். இங்கிலாந்தின் மறைந்த மன்னர் நான்காம் வில்லியமின் மனைவி அடிலெய்டு அரசி 1838-இல் உடல்நலம் தேறுவதற்காக மால்ட்டாவுக்கு வந்தபோது, அங்கே ஆங்கிலிக்கர்களுக்கு முறையான ஆலயம் இல்லாததைக் கண்டு தம் சொந்தச் செலவில் இதைக் கட்டச் செய்தார். 1839-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1844-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட இதன் பெயரும் தூய பவுல் ஆலயம்தான். வல்லெட்டாவைத் துறைமுகத்துக்கு அக்கரையிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது இதன் ஊசிக்கோபுரமே. அதே 1840-களில்தான் மிஷனெரி ஜான் தாமஸ் ஐயர் மெய்ஞ்ஞானபுரத்தின் செம்மண் தேரியில் தூய பவுல் ஆலயத்தை எழுப்பத் தொடங்கினார். 192 அடிக் கோபுரத்தோடு அது இன்றும் பனங்காட்டுக்கு மேலே நெடுந்தொலைவிலிருந்து தெரிகிறது. வல்லெட்டாவில் அரசியின் பணம் கட்டியது. மெய்ஞ்ஞானபுரத்தில் பனையேறிகளின் காணிக்கையும் உழைப்பும் சேர்ந்து கட்டியது. ஞாயிற்றுக்கிழமை ஆங்கில ஆராதனைக்கு அங்கே போனால், ஜெபப்புத்தகத்தின் ஒழுங்கும் பாடல்களின் ராகமும் பழகியவையாகவே இருக்கும்.

இம்தினாவும் ரபாத்தும்

வல்லெட்டா நகர வாசலுக்கு வெளியே உள்ள பேருந்து நிலையத்திலிருந்து இம்தினாவுக்குப் பேருந்து கிடைக்கும். மதில் சூழ்ந்த பழைய தலைநகரம் இது. வண்டிகள் குறைவு, தெருக்கள் அமைதியானவை. இங்குள்ள புனித பவுல் பேராலயம் புபிலியுவின் வீடு இருந்த இடத்தில் எழுந்தது என்பது தீவாரின் மரபு. 1693-இல் சிசிலியை அழித்த நிலநடுக்கத்தில் முந்தைய பேராலயம் பெரிதும் இடிந்ததால், லோரென்ஸோ கஃபா 1696 முதல் 1705 வரை இப்போதுள்ளதைக் கட்டினார். முகப்பில் இரண்டு கடிகாரங்கள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று மணியைக் காட்டும், மற்றொன்று தேதியைக் காட்டும். உள்ளே நடுப்பீடத்துக்கு மேலே அரைவட்டச் சுவரில் ப்ரேத்தி தீட்டிய கப்பற்சேத ஓவியம், நிலநடுக்கத்துக்குத் தப்பிய பழைய கோயிலின் பகுதி. நீங்கள் வாசித்துவிட்டு வந்த இருபத்தேழாம் அதிகாரம் அந்தச் சுவரில் விரிந்து கிடக்கும். தரை இங்கும் கல்லறைப் பலகைகளால் ஆனது. ஆனால் இங்கே வீரர்களுக்குப் பதில் ஆயர்களும் குருக்களும் உறங்குகிறார்கள்.

இம்தினாவின் மதிலைக் கடந்து சில நிமிடம் நடந்தால் ரபாத். அங்குள்ள புனித பவுல் கோயிலுக்குக் கீழே, படியிறங்கிச் செல்லும் குகையில்தான் பவுல் அந்த மூன்று மாதமும் தங்கினார் என்று நம்புகிறார்கள். இரண்டாம் யோவான் பவுல் 1990-இலும், பதினாறாம் பெனடிக்ட் 2010-இலும், பிரான்சிஸ் 2022-இலும் இங்கே வந்து ஜெபித்தார்கள். வரலாற்று ஆய்வாளர்கள் இடத்தைப் பற்றி வாதிடலாம். அந்தக் குகையின் தாழ்ந்த கூரைக்குக் கீழே நூற்றாண்டுகளாக முழங்காலிட்டவர்களின் ஜெபம் உண்மையானது, அதற்காகவே அங்கே உட்கார வேண்டும். கற்சுவரைச் சுரண்டித் துகள் எடுப்பதும் பெயர் எழுதுவதும் கண்டிப்பாகக் கூடாது.

அருகிலேயே நிலத்தடிக் கல்லறைகள் இருக்கின்றன. பழங்காலக் கிறிஸ்தவர்களும் பிறரும் தங்கள் இறந்தோரை அடக்கம் செய்த சுரங்க அறைகள் அவை. பாறையிலேயே குடைந்து செய்த வட்ட மேசைகளைச் சுற்றிச் சாய்ந்திருந்து, இறந்தவர்களின் நினைவாக உறவினர் உணவு உண்டதாகக் கருதுகிறார்கள். அசனத்தில் பந்தியில் உட்கார்ந்து பழகிய நம் மக்கள் அந்த மேசைகளின் முன்னால் ஒரு கணமாவது நிற்பார்கள் என்று நினைக்கிறேன். படிகள் செங்குத்தானவை, சில வழிகளில் குனிந்தே போக வேண்டும். முழங்கால் வலியுள்ளவர்கள் மேலேயே இருந்துவிடலாம்.

மோஸ்டா, மெல்லீஹா

மோஸ்டாவின் விண்ணேற்பு மாதா கோயில் வட்ட வடிவமானது. ரோமாபுரியின் பாந்தியோன் கட்டடத்தை மனத்தில் வைத்து ஜோர்ஜோ க்ரோன்யே வரைந்த திட்டப்படி 1833-இல் வேலை தொடங்கி, ஊர் மக்களின் உழைப்போடு 1860-களில் முடிந்தது. பழைய கோயிலை இடிக்காமல் அதைச் சுற்றியே புதிய சுவரை எழுப்பியதால், கட்டிய காலம் முழுவதும் உள்ளே வழிபாடு தடையின்றி நடந்தது. குவிமாடத்தின் உள்விட்டம் சுமார் 37 மீட்டர். தாங்குவதற்கு நடுவில் ஒரு தூண்கூட இல்லை.

பெரும்பாலானோர் அங்கே போவது 1942 ஏப்ரல் 9 அன்று நடந்ததற்காக. இரண்டாம் உலகப் போரில் மால்ட்டாவை ஜெர்மானிய, இத்தாலிய விமானங்கள் இடைவிடாமல் தாக்கிக்கொண்டிருந்த நாட்களில், மாலை வழிபாட்டுக்காக 250-க்கும் மேற்பட்டோர் கூடியிருந்தபோது ஒரு குண்டு குவிமாடத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே விழுந்து உருண்டது, வெடிக்கவில்லை. ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அதே வகைக் குண்டு ஒன்று பொருளறையில் வைக்கப்பட்டிருக்கிறது. எல்லாரும் குண்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நீங்கள் கோயிலின் நடுவில் உட்கார்ந்து குவிமாடத்தை அண்ணாந்து பாருங்கள். அந்த உயரத்திலிருந்து அது விழுந்தது என்பதை அப்போதுதான் உணர முடியும்.

தீவின் வடக்கே மெல்லீஹாவில் மாதா திருத்தலம் பாதி குகையாகவும் பாதி கட்டடமாகவும் இருக்கிறது. பாறைமேல் தீட்டிய மாதா ஓவியத்தைப் பவுலோடு வந்த லூக்கா வரைந்ததாக மரபு. பாணியைப் பார்த்தால் அது இடைக்காலத்தைச் சேர்ந்தது. எப்படியானாலும், வளைகுடாவைப் பார்த்த மேட்டில் குளிர்ந்த பாறைக்குள் அமைந்த அந்தச் சிறிய இடம் ஜெபத்துக்கு ஏற்றது. கோசோவுக்குப் போகும் வழியில் இருப்பதால் அதே நாளில் சேர்த்துக்கொள்ளலாம்.

கோசோத் தீவு

சிர்க்கெவ்வா துறையிலிருந்து கப்பலில் சுமார் 25 நிமிடத்தில் கோசோ சேரலாம். போகும்போது கட்டணம் வாங்குவதில்லை, திரும்பும்போதுதான் சீட்டு. வல்லெட்டாவிலிருந்து நேரே போகும் விரைவுப் படகும் இருக்கிறது.

கோசோவில் முதலில் பார்க்க வேண்டியது கார்ப் ஊருக்கு வெளியே வயல்வெளியில் நிற்கும் தா பீனு மாதா திருத்தலம். 1883-இல் கர்ம்னி கிரீமா என்னும் பெண் அங்கிருந்த பாழடைந்த சிற்றாலயத்தைக் கடந்து போகும்போது, உள்ளே வந்து மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லுமாறு ஒரு பெண்குரல் அழைத்ததாகச் சொன்னார். அதன்பின் அந்த இடத்துக்கு மக்கள் திரளாக வரத் தொடங்கினார்கள். 1920-இல் பெரிய கோயிலுக்கு அடிக்கல் நாட்டி 1932-இல் அர்ச்சித்தார்கள். பழைய சிற்றாலயம் இடிக்கப்படாமல் பெரிய பீடத்துக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. அங்கே போகாமல் திரும்பிவிடாதீர்கள். பக்கத்து அறைகளின் சுவர்களில் ஊன்றுகோல்களும் குழந்தைகளின் உடைகளும் நன்றிக் கடிதங்களும் நிறைந்திருக்கின்றன. வேளாங்கண்ணியிலும் உவரியிலும் வெள்ளியில் செய்த கை, கால், தொட்டில் உருவங்களைக் காணிக்கையாக வைப்பதை அறிந்தவர்கள், ஒவ்வொரு பொருளுக்குப் பின்னாலும் ஒரு வீட்டின் கண்ணீர் இருப்பதை உணர்ந்து மெல்ல நடப்பார்கள். எதிரே உள்ள குன்றில் சிலுவைப்பாதை நிலையங்கள் பளிங்குச் சிலைகளாக நிற்கின்றன. வெயில் தாழ்ந்தபின் ஏறலாம்.

விக்டோரியா நகரின் கோட்டைக்குள் இருக்கும் பேராலயமும் லோரென்ஸோ கஃபா வடிவமைத்ததே. அதற்குக் குவிமாடம் கட்டப்படவே இல்லை. தட்டையான மேற்கூரையில் 1739-இல் அந்தோனியோ மனுவேலே என்பவர் குவிமாடம்போல ஓவியம் தீட்டிவிட்டார். வாசலிலிருந்து பார்க்கும்போது உண்மையான குவிமாடமாகவே தோன்றும். நடந்து அதன் கீழே போகப் போக வடிவம் மாறும். பிள்ளைகளை அழைத்துப் போனால் நடந்து காட்டுங்கள்.

ஷெவ்கியா ஊரின் வட்டக் கோயில் 1951-இல் தொடங்கிக் கட்டப்பட்டது, பழமையானதல்ல. குவிமாடத்தின் உயரம் 75 மீட்டர், ஊரின் அளவோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது. இடித்த பழைய கோயிலின் கற்சிற்பங்களைப் பக்கத்து மண்டபத்தில் கழற்றிய வரிசையிலேயே திரும்பப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். நம் ஊர்களில் பழைய கோயிலை இடித்துப் புதியது கட்டத் திட்டமிடும் சேகரங்களும் பங்குகளும் அந்த மண்டபத்தை அவசியம் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பழைய பீடத்தையும் ஞானஸ்நானத் தொட்டியையும் கல்வெட்டுகளையும் எங்கோ மூலையில் போட்டுவிட்டு வருந்துவதைவிட, இப்படி ஓர் அறையை முதல் வரைபடத்திலேயே ஒதுக்கிவிடலாம்.

நாட்களை வகுப்பது

நான்கு நாட்கள் இருந்தால், முதல் நாள் முழுவதும் வல்லெட்டாவுக்குக் கொடுங்கள். இரண்டாம் நாள் இம்தினாவும் ரபாத்தும். மூன்றாம் நாள் காலையில் மோஸ்டா, மாலையில் நீங்கள் தங்கியிருக்கும் ஊரின் பங்குக் கோயிலில் திருப்பலி. நான்காம் நாள் விடியற்காலையில் புறப்பட்டு மெல்லீஹா வழியாகக் கோசோ. ஞாயிற்றுக்கிழமையை இந்த நான்கில் எங்கே வைப்பது என்பதை முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும்: அன்று புனித யோவான் பேராலயத்தில் சுற்றிப் பார்க்க முடியாது, ஆனால் ஆங்கிலிக்கன் ஆராதனைக்கும் தா பீனு திருப்பலிக்கும் அதுவே ஏற்ற நாள். பவுல் கதையைத் தாண்டி இன்னும் பழமையைத் தேடுவோருக்கு, சுர்ரீக் ஊருக்கு அருகே ஹல் மில்லியேரியில் பதினைந்தாம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள் கொண்ட சிறிய மங்களவார்த்தைக் கோயில் இருக்கிறது. மிகச் சில நேரங்களில் மட்டுமே திறப்பார்கள், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு கோயில்களுக்கு மேல் வைக்க வேண்டாம். வல்லெட்டாவின் தெருக்கள் பல படிக்கட்டுகளாகவே இருக்கின்றன. நடுத்தெருவான குடியரசு வீதி வழியாக நடந்தால் பெரும்பாலும் படிகளைத் தவிர்க்கலாம். ஒரு நாள் குறைந்துவிட்டால் மோஸ்டாவை இரண்டாம் நாள் மாலையோடு சேர்த்துவிடலாம்; இம்தினாவிலிருந்து அது பக்கத்தில்தான் இருக்கிறது.